மணிக்குப் பக்கத்தில் ஒரு விளக்கு

அன்று காலை அவள் தன் கணவர் மீது துணி மாட்டும் கிளிப் ஒன்றை எறிந்தாள். கோபம் ஒன்றும் இல்லை. அவரைக் கூப்பிட அந்த வீட்டில் அதுதான் வழி. அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு டப்பா நிறைய பிளாஸ்டிக் கிளிப்கள் இருக்கும். அவர் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டால் தொண்டை கிழியக் கூப்பிட்டாலும் திரும்ப மாட்டார். கிளிப் பட்டால் உடனே திரும்பிவிடுவார்.

வாசலில் குனிந்து ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தவரின் காதில் போய் விழுந்தது கிளிப்.

"எறிய வேற இடமே கிடைக்கலையா உனக்கு?"

"சும்மா கிடக்குற காதுதானே, அதுக்கும் ஒரு வேலை வேணாமா?" என்றாள், அவர் முகத்தைப் பார்த்து, உதடு நன்றாக அசைய. "இன்னிக்கு எனக்கு அரை நாள் லீவு. பல்லு பிடுங்கப் போறேன். மத்தியானம் லைன்ல நான் இருக்க மாட்டேன். ஞாபகம் இருக்கா?"

"பல்லைத்தானே பிடுங்குறாங்க? நாக்கைன்னா நானும் லீவு போட்டுட்டுத் துணைக்கு வந்திருப்பேன்."

சிரித்துக்கொண்டே கிளிப்பை டப்பாவை நோக்கி வீசினார். அது தவறி அடுப்படியில் விழுந்தது. எடுக்காமல் போய்விட்டார். அவள் வைதுகொண்டே குனிந்து எடுத்தாள்.

இருவருக்கும் ஒரே இடத்தில்தான் வேலை. பெயிண்ட் அடைக்கும் தகர டப்பாக்கள் செய்கிற தொழிற்சாலை. பெரிய கூடத்தில் மூன்று லைன்கள். தகரத்தை வெட்டி, உருட்டி, ஒட்டி, அடிப்பக்கம் மூடி, நிமிடத்துக்கு நூற்றுக்கணக்கில் டப்பாக்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு ஓடிவரும். அந்தச் சத்தம் காதில் கேட்கிற சத்தம் இல்லை. பல்லில், நெஞ்செலும்பில் கேட்கிற சத்தம். புதிதாக வருகிறவர்கள் முதல் வாரம் தலைவலியோடு வீட்டுக்குப் போவார்கள். மூன்றாவது மாதம் "இப்ப அவ்வளவு சத்தம் இல்லையே" என்பார்கள். சத்தம் குறைந்துவிட்டதென்றுதான் அவர்கள் நினைத்துக்கொள்வார்கள்.

அவர் மூன்றாம் லைனின் ஃபிட்டர். எல்லோரும் ஃபிட்டர் என்றே கூப்பிட்டார்கள். அவளும் வெளியில் அப்படித்தான் சொல்வாள். அவள் அதே லைனின் கடைசியில் நின்று நசுங்கிய டப்பாக்களைப் பொறுக்கி எடுப்பவள். அதனால் அவளுக்குக் கடைசியக்கா என்று பெயர் ஆகிவிட்டது. பத்தொன்பது வருடங்கள் அந்த மூலையில்தான் நின்றாள்.

கூடத்தில் யாரும் வாயால் கத்திப் பேசுவதில்லை. உதட்டைப் படிப்பார்கள், மிச்சத்துக்குக் கை. இல்லாத மீசையை முறுக்கினால் மேற்பார்வையாளர் வருகிறார் என்று அர்த்தம். முஷ்டியைச் சாய்த்தால் டீ. இரண்டு விரலை வயிற்றில் தட்டினால், நேற்று வீட்டில் சண்டை, சாப்பிடவில்லை. அந்த இரைச்சலுக்குள் நாற்பது அடி தள்ளி நின்று ஃபிட்டரும் அவளும் குடும்ப விஷயம் முழுவதையும் பேசி முடித்துவிடுவார்கள். மகளின் பள்ளிக்கூடம், ஒழுகுகிற குழாய், நாத்தனார் சொன்ன சொல், எல்லாம். வீட்டுக்கு வந்தால்தான் சிரமம். அமைதியான வீட்டில், ஒரே அறையில் உட்கார்ந்துகொண்டு, அவருக்கு ஒன்றும் கேட்காது.

மகள் ஐந்தாவது படிக்கும்போதே அப்பாவிடம் மட்டும் ஆண் குரலில் பேசப் பழகியிருந்தாள். "அப்பா, பென்சில்" என்று அடித்தொண்டையில் உறுமுவாள். வீட்டில் எல்லோரும் அதை விளையாட்டு என்றே நினைத்துச் சிரித்தார்கள்.

காதுக்கு வைக்க மஞ்சள் பஞ்சு அடைப்பான்கள் கூடத்தின் வாசலில் ஒரு பெட்டியில் இருக்கும். வேண்டுமட்டும் எடுத்துக்கொள்ளலாம். சிலர் வீட்டுக்கு எடுத்துப்போய் ஆடும் நாற்காலிக் காலுக்கு அண்டக் கொடுத்தார்கள். சிலர் காதின் ஓரத்தில் ஒப்புக்குச் செருகிக்கொண்டு அதிகாரி போனதும் எடுத்துவிடுவார்கள். ஃபிட்டர் தொட்டதே இல்லை. "மெஷினோட குரல் கேக்கலைன்னா நான் எப்படி வேலை பார்க்கிறது? அது இருமுறதை வெச்சுத்தான் எங்க வலின்னு சொல்லுவேன்" என்பார். கடைசி சில வருடங்களாக அவர் மெஷின் மீது உள்ளங்கையை வைத்துத்தான் அதன் இருமலைக் கண்டுபிடித்தார். அது அவளுக்குத் தெரியும். அவருக்கும் தெரியும்.

வருடத்துக்கு ஒரு முறை காதுச் சோதனைக்கு வேன் வரும். வேனுக்குள் ஒரு சின்னக் கண்ணாடி அறை. அதற்குள் உட்கார்ந்து காதில் ஹெட்போனை மாட்டிக்கொள்ள வேண்டும். மெல்லிய ஒலி ஒன்று வரும். கேட்டால் கையிலுள்ள பொத்தானை அழுத்த வேண்டும். வெளியே மேசையில் ஒரு பெண் உட்கார்ந்து ஒலியை அனுப்புவாள். அனுப்பும்போதெல்லாம் அவளுடைய கருவியில் பச்சை விளக்கு ஒன்று மினுங்கும். அந்தப் பெண்ணின் முதுகுக்குப் பின்னால்தான் வரிசை. வரிசையில் நிற்பவர்களுக்கு விளக்கு தெரியும். கண்ணாடிக்குள் இருப்பவருக்கு வரிசை தெரியும். வேறென்ன வேண்டும்? கையாலேயே வாழ்கிற ஆட்கள். கட்டிய கையிலிருந்து ஒரு விரல் எழும்பும். உள்ளே பொத்தான் அழுந்தும்.

சோதனையில் தேறாதவர்களைச் சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற பேக்கிங் கட்டிடத்துக்கு மாற்றிவிடுவார்கள். அது தண்டனை இல்லை, காதுக்கு நல்லது என்றுதான் நோட்டீசில் போட்டிருந்தது. ஆனால் போனவர்கள் திரும்பி வந்து யாரும் பார்த்ததில்லை. "அங்க ஃபிட்டருக்கு என்ன வேலை? அட்டைப் பெட்டிக்கு நட்டு முடுக்கவா?" என்று அவர் கேட்டார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார். ஆனால் கண்ணாடிக்குள் போய் உட்கார்ந்ததும் அவர் முகம் பரிட்சைக்கு வந்த பையன் முகம் மாதிரி ஆகிவிட்டது. அவர் அவளைப் பார்த்தார். பச்சை விளக்கு மினுங்கியது. அவள் விரலைத் தூக்கினாள்.

நான்கு வருடம் அப்படித் தூக்கினாள். நான்கு வருடமும் அவர் தாளில் இயல்பு என்று எழுதினார்கள்.

லைனை நிறுத்திப் பழுது பார்த்தபின் மறுபடி ஓட்டுவதற்கு ஒரு விதி உண்டு. சுவிட்சுக்காரர் தூணில் இருக்கும் மணியை மூன்று முறை அடிக்க வேண்டும், பத்து எண்ண வேண்டும், பிறகு ஓட்ட வேண்டும். உள்ளே யாராவது இருந்தால் மணியைக் கேட்டு வெளியே வந்துவிடலாம். மற்ற இரண்டு லைன்களும் ஓடிக்கொண்டிருக்கும்போது அந்த மணி எத்தனை பேருக்குக் கேட்கும் என்று விதியை எழுதியவர் யோசித்திருக்க மாட்டார். யோசிக்க வேண்டியவர்கள் தங்களுக்குள் வேறொரு வழி வைத்திருந்தார்கள். மணி அடித்ததும் சுவிட்சுக்காரர் கடைசியக்காவைப் பார்த்துக் கட்டை விரலைக் காட்டுவார். அவள் குனிந்து லைனின் அடியில் பார்ப்பாள். யாரும் இல்லையென்றால் உள்ளங்கையைத் தலைக்கு மேலே தூக்குவாள். அதன் பிறகுதான் சுவிட்ச். இது எந்தத் தாளிலும் இல்லை.

அன்று மதியம் அவளுடைய இடத்தில் பேக்கிங்கிலிருந்து ஒரு பெண்ணைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள். நல்ல பெண், காது நன்றாகக் கேட்கிற பெண். ஃபிட்டர் அறுந்த சங்கிலியை மாற்றிவிட்டு வெளியே வந்து, முடிந்தது என்று கை காட்டினார். பிறகு ஸ்பேனரை உள்ளே வைத்துவிட்டது ஞாபகம் வந்து மறுபடி குனிந்து போனார். சுவிட்சுக்காரர் அந்தப் பக்கம் திரும்பி மணியை அடித்தார். மூன்று முறை. கடைசியில் நின்ற பெண்ணைப் பார்த்துக் கட்டை விரலைக் காட்டினார். தன்னை நலம் விசாரிக்கிறார் என்று நினைத்த அந்தப் பெண் சிரித்துத் தலையை ஆட்டினாள். அது போதுமென்று அவர் சுவிட்சைப் போட்டார்.

பல் ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு, பல்லைப் பிடுங்கி, பஞ்சைக் கடித்துக்கொள்ளச் சொல்லி வெளியே உட்கார வைத்திருந்தார்கள். லைனிலிருந்து இரண்டு பெண்கள் மேலுறையைக்கூடக் கழற்றாமல் ஓடிவந்தார்கள். வாசலில் நின்றபடியே கையால் சொன்னார்கள். மூன்று விரல். ஸ்பேனர் திருகுகிற கை. பிறகு விரித்த உள்ளங்கையைக் கவிழ்த்தார்கள்.

அவள் எழுந்து கேட்டாள். பாதி முகம் மரத்துக் கிடந்தது. உதடு ஒரு பக்கம் கோணிக்கொண்டு, அவள் சொன்னது அவர்களுக்குப் படிக்கக் கிடைக்கவில்லை. பஞ்சைத் துப்பிவிட்டு மறுபடி கேட்டாள். மணி அடித்தார்களா, யார் குனிந்து பார்த்தது. இரண்டு பேரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"ஆமாக்கா, பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டு போயிருக்காங்க" என்றாள் ஒருத்தி கடைசியில்.

பெரிய ஆஸ்பத்திரியில் அவள் செய்ய வேண்டியது ஒன்றும் மிச்சம் இல்லை. கையெழுத்து மட்டும் கேட்டார்கள்.

இரண்டு வாரம் கழித்து விசாரணைத் தாள் வந்தது. மணி மூன்று முறை அடிக்கப்பட்டது, பத்து எண்ணப்பட்டது, இறந்தவரின் கேட்கும் திறன் இயல்பு, எனவே கவனக்குறைவு. அந்தக் கடைசிச் சொல்லை அவளால் தாங்க முடியவில்லை. ஒரு திருகாணி குறைந்தாலும் தவழ்ந்து தேடுகிற மனுசன். பாதுகாப்பு அதிகாரியின் அறைக்குப் போனாள். அதிகாரி இளைஞர், மரியாதை தெரிந்தவர். எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"அவருக்குக் காது கேட்காது சார். நான்தான் வேன்ல விரலைத் தூக்கிக் காட்டினேன். நாலு வருசமும்."

அதிகாரி பேனாவை மூடி வைத்தார். "அக்கா, இதை நான் எழுதினா, அவர் ஏமாத்தித் தேறினார்னு எழுதணும். நீங்க உதவி பண்ணீங்கன்னும் எழுதணும். உங்க வேலையும் போயிடும். எழுதட்டுமா?"

மகளுக்குப் பதினாலு வயது.

"நான் கேட்கலைன்னு வெச்சுக்கிறேன்" என்றார் அதிகாரி.

அவள் எழுந்து கதவு வரை போய்த் திரும்பி வந்தாள். "அப்ப ஒண்ணே ஒண்ணு பண்ணுங்க. மணிக்குப் பக்கத்துல ஒரு விளக்கு வைங்க. சிவப்பா, சுத்துற விளக்கு. லைனுக்கு அடியிலயும் ஒண்ணு. மணி அடிச்சா அதுவும் எரியட்டும்."

"நானும் அதைத்தான் நினைச்சேங்க்கா. மேல கேட்டேன். கேட்காதவங்க எத்தனை பேருன்னு திருப்பிக் கேட்டாங்க. ஃபைலைப் பார்த்தா நாற்பத்தாறு பேருக்கும் இயல்பு. ஒருத்தருக்குக்கூடக் குறை இல்லை. நான் என்ன சொல்லி விளக்கு வாங்குவேன், சொல்லுங்க? இந்த வருசம் வேன் வர்றப்ப உள்ளபடி வந்தா, நானே நின்னு மாட்டுறேன்."

அன்றிலிருந்து அவளுக்கு அது ஒன்றுதான் வேலை. சாப்பாட்டு நேரத்தில் மேசை மேசையாக உட்கார்ந்தாள். காதும் காதும் வைத்த மாதிரி இத்தனை வருடம் நடந்ததை வாய்விட்டுச் சொன்னாள். "யாரும் விரல் தூக்காதீங்க. கேட்டா அழுத்துங்க, கேட்கலைன்னா சும்மா இருங்க. பாதிப் பேரு தேறலைன்னா, பாதிப் பேரையுமா பேக்கிங்குக்கு அனுப்புவாங்க? விளக்குத்தான் வைப்பாங்க."

"சரிதாங்க்கா" என்றார்கள் எல்லோரும்.

"எனக்குக் காது பாம்புக் காதுக்கா. பொண்டாட்டி பக்கத்து வீட்டுல என்னைத் திட்டுறதுகூடக் கேக்குது" என்றான் வெட்டுகிற மெஷின்காரன்.

"உன் பொண்டாட்டி திட்டுறது ஊருக்கே கேக்குதுடா. அது கணக்குல வராது" என்றாள் ஒருத்தி. மேசையே சிரித்தது. அவளும் சிரித்தாள், பல மாதங்களுக்குப் பிறகு.

சுவிட்சுக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. அந்த மதியத்துக்குப் பிறகு அவர் யாரோடும் சரியாகச் சாப்பிடுவதே இல்லை. டப்பாவை மூடிக்கொண்டே சொன்னார்: "நான் உள்ளபடிதான் அழுத்துவேன்மா. உனக்கு நான் அதையாவது செய்யணும்."

வேன் வந்தது. வரிசையில் முதல் ஆளாக அவள் போய் உட்கார்ந்தாள். ஹெட்போனுக்குள் ஒலி வந்த மாதிரி இருந்தது, வராத மாதிரியும் இருந்தது. காதுக்குள் எப்போதும் கேட்கும் அந்த ரீங்காரம் எது, ஒலி எது என்று பிரிக்க முடியவில்லை. வரிசையில் யாரோ பழக்கத்தில் விரலைத் தூக்கினார்கள். அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

வெளியே வந்ததும் சோதனைப் பெண் தாளைக் காட்டினாள். "பாருங்கக்கா, கோடு நேரா வந்து இந்த இடத்துல பள்ளமா விழுதுல்ல, அது சத்தம் தின்ன இடம். காதுக்குள்ள மெல்லிசா முடி மாதிரி இருக்கும். நாளெல்லாம் பெரிய சத்தத்துல நின்னா அது படுத்துடும். படுத்துப்போனது திரும்ப முளைக்காது. கீச்சுனு இருக்கிற சத்தம்தான் முதல்ல போகும். விசில், மணி, சின்னப் பசங்க குரல், இதெல்லாம்."

"சின்னப் பசங்க குரலா?"

"ஆமாக்கா. ஆம்பளைங்க தடிச்ச குரல்ல பேசினா ஓரளவு கேட்கும். பசங்க பேசுறது எட்டாது."

"அப்பா, பென்சில்" என்று அவள் தனக்குள் அடித்தொண்டையில் சொல்லிப் பார்த்தாள். அந்தப் பெண் பெட்டியிலிருந்து மஞ்சள் அடைப்பானை எடுத்து, விரலுக்கிடையில் ஊசி போல உருட்டி, அவள் காதை மேலாக இழுத்து உள்ளே செலுத்தி, அது விரியும் வரை விரலால் பிடித்துக்கொண்டாள். வெளியே ஓடிக்கொண்டிருந்த கூடம் சட்டென்று தூரத்துக்குப் போனது. பத்தொன்பது வருடத்தில் அதை எப்படி வைப்பதென்று யாரும் காட்டியதில்லை.

"போனது வராதுக்கா. இருக்கிறதையாவது காப்பாத்திக்குங்க. எல்லாருக்கும் சொல்லுங்க."

அவள் ஓரமாகப் போய் நின்றாள். அடுத்து வெட்டுகிற மெஷின்காரன். அவன் கண்ணாடிக்குள் போனதும் வரிசையில் கட்டியிருந்த கைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பச்சை விளக்கு மினுங்கியது. விரல் எழும்பியது. ஒரு விரல் இல்லை, மூன்று விரல்கள். அவளைப் பார்த்துக்கொண்டேதான் தூக்கினார்கள். எங்களால் என்ன செய்ய முடியும் என்பது மாதிரி. ஒருத்திக்கு அடுத்த மாதம் மகள் கல்யாணம். ஒருவர் வேலையில் சேர்ந்தே எட்டு மாதம்தான். அவளுக்கு எல்லோருடைய கதையும் தெரியும். நாற்பது அடி தூரத்திலிருந்து அவர்கள் உதட்டில் படித்ததுதானே.

சுவிட்சுக்காரர் உள்ளே போனார். விளக்கு மினுங்கியது, அவர் அழுத்தவில்லை. மறுபடி மினுங்கியது, அழுத்தவில்லை. மூன்றாவது முறை அவர் நிமிர்ந்து வரிசையைப் பார்த்தார். பரிட்சைக்கு வந்த பையன் முகம். ஓய்வு பெற இன்னும் இரண்டு வருடம். யாரோ விரலைத் தூக்கினார்கள். அவர் அழுத்தினார்.

கண்ணாடிக்கு முன்னால் போய் மறைத்து நின்றுவிட வேண்டும் என்று அவள் ஓரடி எடுத்து வைத்தாள். முழங்கையை யாரோ மெதுவாகப் பிடித்தார்கள். "வாங்கக்கா, இப்படி உட்காருங்க" என்றார்கள். துக்கப்பட்டவளைப் பிடிப்பது மாதிரி, அவ்வளவு பிரியமாகப் பிடித்தார்கள். சோதனைப் பெண் திரும்பிப் பார்த்து, "என்னக்கா?" என்று கேட்டாள்.

ஒரு சொல் போதும். அந்தப் பெண் எழுந்து கண்ணாடி ஓரத்தில் தொங்கிய திரையை இழுத்து விட்டிருப்பாள். ஆனால் கண்ணாடிக்குள்ளிருந்து சுவிட்சுக்காரர் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வைக்குத்தான் அவள் நான்கு வருடம் விரலைத் தூக்கினாள்.

"ஒண்ணுமில்லம்மா" என்றாள்.

அடுத்த வாரம் அதிகாரி கூப்பிட்டு அனுப்பினார். முகத்தைப் பார்க்காமல் பேசினார். நாற்பத்தைந்து பேருக்கு இயல்பு, ஒருவருக்குக் குறை. ஒரு ஆளுக்காக விளக்கு வைக்க முடியாதாம். அந்த ஒரு ஆளை மாற்றுவது சுலபம் என்று மேலே சொல்லிவிட்டார்களாம். உத்தரவைக் கையில் கொடுத்தார்.

"உங்க காதுக்கும் அதுதாங்க்கா நல்லது."

அது உண்மைதான். சாலைக்கு அந்தப் பக்கம் அட்டைப் பெட்டி மடிக்கிற கூடத்தில் மின்விசிறி சுற்றுவதுகூடக் கேட்கும் என்கிறார்கள், அவளுக்குக் கேட்கவில்லை. மகள் இப்போது அவளிடமும் குரலைத் தடிப்பாக்கித்தான் பேசுகிறாள். அவள் சொல்லிச் சொல்லி, மகள் பாட்டுக் கேட்கும்போது ஒலியைக் குறைத்து வைத்துக்கொள்கிறாள். அந்த ஒன்றாவது நடந்தது.

சம்பள நாளன்று பழைய கூடத்துக்குப் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். போகும்போது வாசல் பெட்டியிலிருந்து இரண்டு அடைப்பான் எடுத்து, உருட்டி, காதை இழுத்து வைத்துக்கொண்டு உள்ளே நுழைவாள். மூன்றாம் லைனின் கடைசியில் இப்போது வேறொரு பெண் நிற்கிறாள். மூன்றாம் லைன் தூணில் மணி இருக்கிறது. அதற்குப் பக்கத்தில் வெறும் சிமெண்ட்.